வைர முனை காந்த நுண்ணோக்கி: அறிகுறியைப் பார்த்துப் பிழை பிடிக்கும் வழிமுறை

ஒற்றை என்.வி. மையம் உள்ள வைர முனையைச் சாம்பிளின் மேல் ஓட்டி, நானோமீட்டர் அளவில் காந்தப்புலத்தைப் படமாக்கும் கருவிக்கான குறிப்பு இது. அறை வெப்பநிலையில், காற்றில், ட்யூனிங் ஃபோர்க்கில் (அதிர்ந்து தொடுதலை உணரும் சிறு குவார்ட்ஸ் கவை) ஒட்டிய முனையோடு வேலை செய்பவர்களை மனதில் வைத்து எழுதியது. வைரப் படிகத்தில் ஒரு நைட்ரஜன் அணுவும் அதன் பக்கத்தில் ஒரு காலியிடமும் சேர்ந்தால் அது என்.வி. மையம். இரண்டையும் இணைக்கும் கோடு அதன் அச்சு. அது முனையில் நிற்கும் சிறு வைரத் தூணின் நுனியில் இருக்கும். பச்சை லேசர் பட்டால் சிவப்பாக ஒளிரும். மைக்ரோவேவின் அதிர்வெண்ணை மாற்றிக்கொண்டே போனால் ஓரிடத்தில் அந்த ஒளி குறையும். அதுதான் பள்ளம், காந்தப்புலம் அதை நகர்த்தும். இதற்கு மேல் கோட்பாடு இங்கே வராது.

படம் சரியாக வரவில்லை என்றதும் பலரும் முதலில் சந்தேகப்படுவது வைரத்தைத்தான். ஆனால் என்.வி. மையம் சாதாரணமாகச் சாகாது. பழுது பெரும்பாலும் தளர்ந்த கனெக்டரிலோ, விலகிப்போன லேசரிலோ, தூணின் நுனியில் ஒட்டிய அழுக்கிலோதான் இருக்கும். முனையை மாற்றுவது கடைசி வழி. அது விலை கூடியது மட்டுமல்ல, புது முனையோடு எல்லா அளவீட்டையும் மறுபடி தொடங்க வேண்டும்.

கையில் இருக்க வேண்டிய எண்கள்

பச்சை லேசர் 532 நானோமீட்டர். திரும்பி வரும் சிவப்பு ஒளியில் 650-க்கு மேல் உள்ளதை மட்டும் டிடெக்டருக்கு விடுகிறோம். காந்தம் எதுவும் இல்லாதபோது ஒளிப் பள்ளம் 2.870 கிகா ஹெர்ட்ஸில் இருக்கும். அச்சு வழியே 1 மில்லி டெஸ்லா புலம் வந்தால், பள்ளம் இரண்டாகப் பிரிந்து ஒவ்வொன்றும் 28 மெகா ஹெர்ட்ஸ் நகரும். 3 மில்லி டெஸ்லாவில் 2.786-லும் 2.954-லும் பார்க்க வேண்டும். நல்ல முனையில் ஒளி எண்ணிக்கை, தூணின் வடிவத்தைப் பொறுத்து, நொடிக்கு ஒரு லட்சம் முதல் சில லட்சம் வரை. தொடர் லேசர் முறையில் (லேசரை அணைக்காமல் அளப்பது) பள்ளத்தின் ஆழம் 10 முதல் 20 சதவீதம்.

புது முனை பொருத்திய அன்றே எட்டு எண்களை எழுதி வைத்துவிடுங்கள்: லென்ஸுக்குப் பின் லேசர் திறன், தூணின் மேல் ஒளி எண்ணிக்கை, தூணுக்குப் பக்கத்தில் ஒளி எண்ணிக்கை, பள்ளத்தின் ஆழம், அகலம், நடு அதிர்வெண், ஃபோர்க்கின் அதிர்வெண், அதன் கியூ மதிப்பு (அதிர்வு எவ்வளவு கூர்மை என்பது). பிறகு வரும் சந்தேகங்களில் பாதியை இந்த ஒரு தாள் தீர்த்துவிடும்.

எதற்கும் முன்: தூக்கிப் பாருங்கள்

எந்த அறிகுறியாக இருந்தாலும், முனையைச் சாம்பிளிலிருந்து 50 முதல் 100 மைக்ரோமீட்டர் தூக்கி, அதே அளவீட்டை மறுபடி எடுங்கள். மைக்ரோவேவ் கம்பி சாம்பிளோடு சேர்ந்து இருக்கும் அமைப்பு என்றால் 20 மைக்ரோமீட்டரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதற்கு மேல் போனால் மைக்ரோவேவ் குறைந்து வேறு குழப்பம் வரும்.

தூக்கிய பிறகும் கோளாறு இருந்தால் அது கருவிப் பக்கம்: ஒளி, மைக்ரோவேவ், காந்தம், வைரம். தூக்கியதும் சரியாகிவிட்டால் அது தொடுதல் பக்கம்: சாம்பிள், அழுக்கு, சாய்வு, வெப்பம். கீழே உள்ள பல தலைப்புகள் இந்தக் கேள்வியில்தான் கிளை பிரிகின்றன. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். காந்தத்தையும் லேசரையும் ஒரே வேளையில் தொட்டால் எது சரிசெய்தது என்றே தெரியாமல் போகும்.

அறிகுறி 1: சிவப்பு ஒளி வரவில்லை, அல்லது குறைந்துவிட்டது

*தூக்கிய நிலையிலும் குறைவு என்றால்*

1. லேசர் ஷட்டரும் டிடெக்டர் கேபிளும். கேட்கவே கூச்சமாக இருக்கும் கேள்வி, ஆனாலும் முதலில் இதுதான்.
2. லென்ஸுக்குப் பின் திறன்மானியை வைத்து அளங்கள். சில நூறு மைக்ரோவாட்டிலிருந்து 1 மில்லிவாட் வரை போதும். லேசர் பெட்டியில் காட்டும் எண்ணை நம்ப வேண்டாம். இடையில் உள்ள ஃபைபர் சற்று விலகினாலே பாதி போய்விடும்.
3. முனையின் மேல் குவிய வரைபடம் (லேசரைப் புள்ளி புள்ளியாக நகர்த்தி எடுக்கும் ஒளிப் படம்) எடுங்கள். தூண் உருண்டையான ஒற்றைப் புள்ளியாகத் தெரிய வேண்டும். நீண்டு தெரிந்தால் குவியம் தவறு, அல்லது முனை சாய்ந்திருக்கிறது. வைரத் தகட்டின் ஓரமும் பளிச்சென்று தெரியும். அதைத் தூண் என்று நினைத்துக் குவிப்பது அடிக்கடி நடக்கும் தவறு.
4. லேசரை மூடிவிட்டு டிடெக்டரைப் பாருங்கள். நொடிக்குச் சில நூறுக்கு மேல் வந்தால் அறை வெளிச்சம் கசிகிறது. கணினித் திரை, கருவிகளின் சிறு விளக்குகள், கதவிடுக்கு எல்லாவற்றையும் கறுப்புத் துணியால் மறையுங்கள்.

*தொட்டதும் மட்டும் குறைகிறது என்றால்*

உலோகப் படலத்தின் மேல் இது இயல்பு. நெருங்கும்போது பிரதிபலித்த ஒளி நேர் ஒளியோடு கலந்து, சில நூறு நானோமீட்டருக்கு ஒரு முறை எண்ணிக்கை ஏறி இறங்கும். தொட்ட பிறகு நிலையாக நின்றால் கவலை இல்லை. ஒரே இடத்தில் நின்றும் தொடர்ந்து சரிந்தால், நுனியில் ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கிறது. அறிகுறி 7-க்குப் போங்கள்.

*ஒளி கூடியிருந்தால்* அதுவும் பழுதுதான். பின்னணி ஒளி நிமிடக்கணக்கில் தானாக மங்கினால் அது அழுக்கின் ஒளிர்வு. லேசர் பட்டால் அழுக்கு வெளுக்கும், என்.வி. மையம் வெளுக்காது.

நிபுணரை அழைக்க வேண்டிய இடம்: ஃபைபர் வாயில் அளந்த லேசர் திறனே பழைய பதிவைவிடப் பாதியாக இருந்தால். லேசர் பெட்டியை நீங்கள் திறக்க வேண்டாம். உள்ளே இருக்கும் கதிர் கண்ணுக்கு ஆபத்து, கண்ணாடியை நகர்த்தினால் உத்தரவாதமும் போய்விடும்.

அறிகுறி 2: ஒளி இருக்கிறது, பள்ளம் இல்லை

முதலில் அந்த ஒளி என்.வி. மையத்தினுடையதுதானா என்று உறுதி செய்யுங்கள். இதற்கு மைக்ரோவேவே வேண்டாம். ஒரு வலுவான நியோடைமியம் காந்தத்தை முனைக்குப் பக்கவாட்டில் மெல்லக் கொண்டு வாருங்கள். அச்சுக்குக் குறுக்கான புலம் 10 மில்லி டெஸ்லாவைத் தாண்டியதும் என்.வி. ஒளி மங்கத் தொடங்கும், காந்தம் இன்னும் நெருங்க நெருங்க எண்ணிக்கை தெளிவாக இறங்கும். அசையவே இல்லை என்றால் நீங்கள் பார்ப்பது அழுக்கின் ஒளி, அல்லது மின்னேற்றம் இழந்த என்.வி. மையம். அந்த நிலையில் பள்ளம் வரவே வராது.

ஒளி இறங்கியது என்றால், காந்தத்தை முழுவதும் எடுத்துவிட்டு 2.82-லிருந்து 2.92 கிகா ஹெர்ட்ஸ் வரை 1 மெகா ஹெர்ட்ஸ் படியில் அலசுங்கள். எந்தச் சீரமைப்பும் இல்லாமல் 2.870-இல் பள்ளம் வந்தாக வேண்டும். வந்துவிட்டால் தவறு காந்தத்தின் இடத்தில், அல்லது நீங்கள் தேடிய அதிர்வெண் எல்லையில்.

வரவில்லை என்றால் மைக்ரோவேவ் பாதையை இந்த வரிசையில் பாருங்கள்:

1. ஜெனரேட்டரில் வெளியீடு திறந்திருக்கிறதா, ஆம்ப்ளிஃபையருக்கு மின்சாரம் வருகிறதா, ஸ்விட்சுக்குப் போகும் துடிப்பு தலைகீழாக இருக்கிறதா. கடைசி ஒன்று மென்பொருளைப் புதுப்பித்த பிறகு வருவது. தேவையான நேரத்தில் மட்டும் மைக்ரோவேவ் அணைந்திருக்கும்.
2. எஸ்.எம்.ஏ. கனெக்டர்கள் (மைக்ரோவேவ் கேபிளின் திருகு கனெக்டர்கள்). கையால் ஆட்டிப் பார்க்காதீர்கள், முறுக்குக் குறடால் இறுக்குங்கள். நடு ஊசி உள்ளே தள்ளப்பட்டிருந்தால் வெளியே பார்க்கும்போது நன்றாக இருப்பது போலவே தெரியும். கனெக்டரைக் கழற்றி வெளிச்சத்தில் நேராகப் பாருங்கள்.
3. சாம்பிள் பக்கத்துக் கம்பி. தரையில் (எர்த்தில்) முடியும் வளையம் என்றால், மல்டிமீட்டரில் நடு ஊசிக்கும் உடலுக்கும் இடையே ஓரிரு ஓம்தான் இருக்க வேண்டும். முடிவிலி காட்டினால் கம்பி அறுந்திருக்கிறது. 25 மைக்ரோமீட்டர் கம்பி கண்ணுக்கு முழுதாகத் தெரிந்தாலும் சால்டர் விளிம்பில் விட்டிருக்கும்.
4. கம்பிக்கும் முனைக்கும் உள்ள தூரம். 100 மைக்ரோமீட்டருக்கு மேல் போனால் சாதாரண 1 வாட் ஆம்ப்ளிஃபையர் போதாது. 20 முதல் 50-க்குள் கொண்டு வாருங்கள்.
5. ஆம்ப்ளிஃபையர் வெளியீடு. 30 டெசிபெல் அட்டென்யுவேட்டர் (திறனைக் குறைக்கும் துண்டு) போடாமல் திறன்மானியில் இணைக்க வேண்டாம், மானி போய்விடும்.

தரையில் முடியும் வளையம் கிட்டத்தட்ட எல்லாத் திறனையும் திருப்பி அனுப்பும். நடுவில் ஐசொலேட்டர் (திரும்பி வரும் திறனைத் தடுக்கும் துண்டு) இல்லாமல் ஓட்டினால் ஆம்ப்ளிஃபையர் மெல்ல மெல்லப் பலம் இழக்கும். வெளியீடு பழைய அளவைவிட 3 டெசிபெல்லுக்கு மேல் குறைந்தால் பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள், ஆனால் ஐசொலேட்டரை வாங்கிப் பொருத்திய பிறகு கொடுங்கள்.

அறிகுறி 3: பள்ளம் இருக்கிறது, ஆழம் போதவில்லை

5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் ஸ்கேன் தொடங்காதீர்கள். ஆழம் பாதியானால், அதே துல்லியத்துக்கு நான்கு மடங்கு நேரம் ஆகும்.

*தூக்கிய நிலையிலும் ஆழம் குறைவு*

பின்னணியில் தொடங்குங்கள். தூணின் மேல் 3 லட்சம், பக்கத்தில் 30 ஆயிரம் என்றால் நல்லது. தூணில் 3 லட்சம், பக்கத்தில் 1.5 லட்சம் என்றால் பள்ளத்தின் பாதி அங்கேயே போய்விட்டது.

அடுத்து லேசர். திறனைப் பாதியாக்குங்கள். ஆழம் கூடினால் லேசர்தான் மிகுதி. ஒளி ஸ்பின்னை (என்.வி. மையத்தின் காந்த நிலையை) மறுபடி மறுபடி தொடக்க நிலைக்கு இழுக்கிறது, மைக்ரோவேவால் ஈடுகொடுக்க முடியவில்லை. பிறகு மைக்ரோவேவை 3 டெசிபெல் ஏற்றிப் பாருங்கள்.

அதன் பிறகுதான் காந்தத்தின் திசை. வழக்கமான முனைகளில் என்.வி. அச்சு செங்குத்திலிருந்து 54.7 டிகிரி சாய்ந்திருக்கும். காந்தத்தை நேர் மேலே வைத்தால் குறுக்குப் புலம்தான் அதிகம். இரண்டு பள்ளங்களின் சராசரியைக் கணக்கிடுங்கள். அது 2.870-க்கு மேலே எவ்வளவு ஏறியிருக்கிறதோ அவ்வளவு குறுக்குப் புலம். 10 மெகா ஹெர்ட்ஸ் ஏறியிருந்தால் சுமார் 5 மில்லி டெஸ்லா குறுக்கே கிடக்கிறது. காந்தத்தைச் சுழற்றிச் சுழற்றி, சராசரி 2.870-க்குத் திரும்பவும் இரண்டு பள்ளங்களின் இடைவெளி கூடவும் செய்யுங்கள். இரண்டும் ஒரே இடத்தில் நடக்கும்.

புலத்தைக் கூட்டும்போது 51 மில்லி டெஸ்லா அருகிலும் 102 மில்லி டெஸ்லா அருகிலும் நிற்காதீர்கள். அங்கே ஸ்பின் நிலைகள் ஒன்றையொன்று நெருங்குவதால், சிறு சாய்வு கூட ஒளியையும் ஆழத்தையும் கலைத்துவிடும்.

*தொட்டதும் மட்டும் ஆழம் குறைகிறது*

சாம்பிளின் சொந்தப் புலம் குறுக்கே அடிக்கிறது. 50 நானோமீட்டர் பெர்மல்லாய் போன்ற தடித்த காந்தப் படலத்தில் இதைத் தவிர்க்க முடியாது. 100 அல்லது 200 நானோமீட்டர் தூக்கி ஸ்கேன் செய்யுங்கள். அல்லது மைக்ரோவேவை விட்டுவிட்டு ஒளி மங்குவதை மட்டும் படமாக்குங்கள். அளவு சொல்லாது, ஆனால் டொமைன் சுவர் (காந்தத் திசை மாறும் எல்லை) எங்கே என்று காட்டிவிடும்.

அறிகுறி 4: பள்ளம் அகலமாக இருக்கிறது, அல்லது பள்ளங்களின் எண்ணிக்கை கூடியிருக்கிறது

நைட்ரஜன் 15 பதித்த முனையில், திறனைக் குறைத்துப் பார்த்தால் ஒவ்வொரு பள்ளமும் 3 மெகா ஹெர்ட்ஸ் இடைவெளியில் இரண்டாகத் தெரியும். நைட்ரஜன் 14 என்றால் 2.2 மெகா ஹெர்ட்ஸ் இடைவெளியில் மூன்று. இவை பழுது அல்ல. காந்தம் இல்லாதபோதும் சில மெகா ஹெர்ட்ஸ் பிளவு இருந்தால் அது வைரத்தின் உள் இறுக்கம். அதுவும் நாளுக்கு நாள் மாறாத வரை பழுது அல்ல.

- தூக்கிய நிலையிலேயே 10 மெகா ஹெர்ட்ஸுக்கு மேல் அகலமா? மைக்ரோவேவை 6 டெசிபெல் இறக்குங்கள், லேசரைப் பாதியாக்குங்கள். ஒடுங்கினால் திறன் மிகுதி, அவ்வளவுதான்.
- 1.435 கிகா ஹெர்ட்ஸில் பள்ளமா? ஜெனரேட்டர் அல்லது ஆம்ப்ளிஃபையரின் இரட்டை அதிர்வெண் 2.870-இல் விழுகிறது. ஆம்ப்ளிஃபையரைத் திணறடிக்கிறீர்கள், உள்ளீட்டைக் குறையுங்கள்.
- காந்தம் வைத்ததும் நான்கு பள்ளங்களா? ஒரே தூணில் இரண்டு என்.வி. மையங்கள், வெவ்வேறு அச்சில். வேலை செய்யலாம், ஆனால் ஆழம் பங்குபோகும். விற்றவரிடம் திருப்பிக் கேட்க நியாயமான காரணம் இது.
- தொட்டால் மட்டும் அகலமா? ஃபோர்க்கின் வீச்சைப் பாருங்கள். டொமைன் சுவருக்கு அருகில் புலம் ஒரு நானோமீட்டருக்கு 0.08 மில்லி டெஸ்லா மாறும். முனை 5 நானோமீட்டர் ஆடினால் 0.4 மில்லி டெஸ்லா, அதாவது 11 மெகா ஹெர்ட்ஸ் அகலம் சும்மாவே சேர்ந்துவிடும். வீச்சை 1 அல்லது 2 நானோமீட்டருக்கு இறக்குங்கள்.

அறிகுறி 5: பள்ளம் ஒரே இடத்தில் நிற்கவில்லை

இரண்டு பள்ளங்களையும் சேர்த்துப் பாருங்கள். இதைச் செய்யாமல் எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

*இரண்டும் ஒரே பக்கம் நகர்ந்தால்* வெப்பம். ஒரு டிகிரி செல்சியஸ் ஏறினால் 74 கிலோ ஹெர்ட்ஸ் இறங்கும். மைக்ரோவேவ் போட்ட முதல் பத்து நிமிடத்தில் 0.7 மெகா ஹெர்ட்ஸ் இறங்கினால் முனை 10 டிகிரி சூடாகியிருக்கிறது. திறனைக் குறையுங்கள், அல்லது மைக்ரோவேவ் போட்டு அரைமணி நேரம் கழித்து ஸ்கேன் தொடங்குங்கள்.

*எதிரெதிராக நகர்ந்தால்* புலம். நியோடைமியம் காந்தம் ஒரு டிகிரிக்குச் சுமார் 0.1 சதவீதம் பலம் இழக்கும். 5 மில்லி டெஸ்லாவில் அது 5 மைக்ரோ டெஸ்லா, பள்ளத்தில் 140 கிலோ ஹெர்ட்ஸ். ஏசி போட்டு அணையும் நேரத்துக்கு ஏற்ப ரம்பப்பல் போல ஏறி இறங்கினால், குளிர்காற்று காந்தத்தின் மேல் நேராக வீசுகிறது. அட்டைப் பெட்டி ஒன்றைக் கவிழ்த்து மறைத்தாலே சரியாகிவிடும். திடீரென்று தாவினால் யாரோ இரும்பு நாற்காலியை நகர்த்தியிருக்கிறார்கள், அல்லது காந்தம் பிடித்திருக்கும் மேடையின் திருகு தளர்ந்திருக்கிறது.

அறிகுறி 6: முனை இறங்க மறுக்கிறது, அல்லது தொட்டதாகப் பொய் சொல்கிறது

வெற்று ஃபோர்க் 32,768 ஹெர்ட்ஸ். முனையின் எடையால் அது கொஞ்சம் இறங்கும், எவ்வளவு என்பது பசையின் அளவைப் பொறுத்தது. புது முனைத் தாளில் எழுதிய மதிப்பிலிருந்து நூறு ஹெர்ட்ஸுக்கு மேல் விலகியிருந்தாலோ, கியூ பாதியாகக் குறைந்திருந்தாலோ பசை விட்டிருக்கிறது, அல்லது தூசி ஒட்டியிருக்கிறது.

பொய்த் தொடுதலை வளைகோட்டில் கண்டுபிடிக்கலாம். உண்மையான தொடுதலில் வீச்சு சில பத்து நானோமீட்டருக்குள் விழுந்துவிடும். சில நூறு நானோமீட்டர் தூரத்துக்குச் சரிந்து சரிந்து விழுந்தால் நிலைமின்சாரம், அல்லது இடையில் தூசி. சாம்பிளைத் தரையோடு (எர்த்தோடு) இணையுங்கள், வேறு இடத்துக்கு நகர்ந்து பாருங்கள்.

சாய்வும் இருக்கிறது. தூண் தகட்டின் ஓரத்திலிருந்து 10 மைக்ரோமீட்டர் உள்ளே இருக்கிறது, அதன் உயரம் 1 மைக்ரோமீட்டர் என்று வையுங்கள். 3 டிகிரி சாய்ந்தால் ஓரம் அரை மைக்ரோமீட்டர் இறங்கும், தூண்தான் முதலில் தொடும். 6 டிகிரியில் ஓரம் முந்திக்கொள்ளும். அப்போது மேற்பரப்புப் படம் என்னவோ வரும், ஆனால் காந்தப் படம் கரைந்துபோயிருக்கும். பக்கவாட்டுக் கேமராவில் முனையையும் சாம்பிளில் தெரியும் அதன் பிம்பத்தையும் சேர்த்துப் பார்த்து, இரண்டும் தூணில் சந்திக்கும்படி சாய்வைத் திருத்துங்கள்.

பசை விட்டுவிட்டது என்று உறுதியானால் நீங்களே ஒட்ட முயல வேண்டாம். தயாரித்தவருக்கு அனுப்புங்கள்.

அறிகுறி 7: படம் மங்கல்

இதற்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும், ஏனென்றால் இது சத்தமில்லாமல் வரும் பழுது. ஒளி சரி, பள்ளம் சரி, தொடுதல் சரி. படமும் வருகிறது. ஆனால் நுணுக்கம் இல்லை. காரணம் ஒன்றே: என்.வி. மையத்துக்கும் சாம்பிளுக்கும் உள்ள உயரம் கூடிவிட்டது. இந்த நுண்ணோக்கியில் உயரம்தான் பிரிதிறன்.

எவ்வளவு கொடுமை என்பதற்கு ஒரு கணக்கு. பிஸ்மத் ஃபெரைட்டில் (அணுக்களின் காந்தத் திசை அலை போலச் சுழலும் பொருள்) ஸ்பின் சுழற்சியின் அலைநீளம் சுமார் 64 நானோமீட்டர். உயரம் 50-லிருந்து 80 நானோமீட்டராகக் கூடினால் அதன் புலம் ஏறத்தாழ 19 மடங்கு தேய்ந்துவிடும். 30 நானோமீட்டர் அழுக்கு மொத்த அளவீட்டையும் விழுங்கிவிடும் என்று பொருள். அதே அழுக்கோடு 1 மைக்ரோமீட்டர் டொமைன்களைப் பார்த்தால் எந்த வித்தியாசமும் தெரியாது. அதனால்தான் பெரிய டொமைன் சாம்பிளில் நன்றாக ஓடிய முனை, நுணுக்கமான சாம்பிளில் வெறும் இரைச்சலைக் காட்டும்.

*சோதனை அ: உயரத்தை அளப்பது.* பிளாட்டினம், கோபால்ட், அலுமினியம் ஆக்சைடு அடுக்கிய, செங்குத்துக் காந்தமாக்கம் உள்ள ஒரு பட்டையை அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள். அதன் விளிம்பைக் குறுக்கே 2 நானோமீட்டர் படியில் பத்து முறை ஓட்டுங்கள். புலத்தின் செங்குத்துக் கூறைக் கணக்கிட்டு எடுத்தால், விளிம்பின் இரு புறமும் ஓர் உச்சமும் ஒரு தாழ்வும் வரும். அவற்றுக்கு இடைப்பட்ட தூரம் உயரத்தின் இரு மடங்கு. 1 நானோமீட்டர் தடிமன் உள்ள கோபால்ட் பட்டையில், 50 நானோமீட்டர் உயரத்தில், அந்த உச்சம் சுமார் 2 மில்லி டெஸ்லா. என்.வி. அச்சின் கோணத்தைத் தோராயமாக வைத்தால் உயரமும் தோராயமாகவே வரும். அறிகுறி 3-இல் சொன்ன காந்தச் சுழற்றலால் கோணத்தை முதலில் அளந்துகொள்ளுங்கள்.

*சோதனை ஆ: நுனியைப் பார்ப்பது.* கூரான ஊசிகள் மேல்நோக்கி நிற்கும் சோதனைத் தட்டில் ஒரு 2 மைக்ரோமீட்டர் படம் எடுங்கள். ஊசி தூணைவிடக் கூர்மை, அதனால் படத்தில் தெரிவது ஊசி அல்ல, உங்கள் தூணின் முகம். சுத்தமான தூண் 200 நானோமீட்டர் அகலத்தில் தட்டையான வட்டமாகத் தெரியும், காசு போல. அழுக்கு இருந்தால் அந்த வட்டத்தின் ஓரத்தில் ஒரு திமில் நிற்கும். ஒவ்வொரு ஊசியிலும் அதே பக்கத்தில், அதே உயரத்தில், அதே சரிவோடு. திமிலின் உயரத்தைக் குறுக்குக் கோட்டில் அளங்கள். 40 நானோமீட்டர் என்றால் உங்கள் இழப்பும் ஏறக்குறைய அதுதான்.

சரிசெய்வது, எளியதிலிருந்து:

1. சாம்பிளின் மேல்மூடி. 5 நானோமீட்டர் டான்டலம் மூடியும், 20 நானோமீட்டர் போரான் நைட்ரைடு மூடியும் அப்படியே உயரத்தில் சேரும். முனையைக் குறை சொல்லும் முன் சாம்பிள் செய்தவரைக் கேளுங்கள்.
2. சாய்வு. 200 நானோமீட்டர் தூணில் 3 டிகிரி சாய்வு 5 நானோமீட்டர் கூட்டும், 10 டிகிரி 17 கூட்டும்.
3. அழுக்கைத் துடைப்பது. சுத்தமான சிலிக்கான் துண்டின் மேல், வழக்கத்தைவிடச் சற்று அழுத்தமான செட்பாயிண்டில், 5 மைக்ரோமீட்டர் சதுரத்தை வேகமாக இரண்டு மூன்று முறை ஓட்டுங்கள். பிறகு சோதனை ஆ. திமில் இடம் மாறியிருந்தால் கழன்றுகொண்டிருக்கிறது, தொடருங்கள். அசையவே இல்லை என்றால் பத்து முறை ஓட்டினாலும் அசையாது. அதற்கு மேல் அழுத்தினால் தூண் முறியும்.
4. முனையை மாற்றுவது.

ஃபோட்டோரெசிஸ்ட் மிச்சம் உள்ள சாம்பிளைத் தொட்ட பிறகுதான் பெரும்பாலான திமில்கள் வருகின்றன. சாம்பிளை அசிட்டோனிலும் ஐசோபுரோபனாலிலும் கழுவி, சாதாரண அணுவிசை நுண்ணோக்கியில் ஒரு முறை பார்த்துவிட்டு வைர முனையை இறக்குவது, முனையின் ஆயுளை நீட்டும் எளிய பழக்கம்.

கந்தக, நைட்ரிக், பெர்குளோரிக் அமிலங்களைக் கலந்து கொதிக்கவைத்து வைரத்தைச் சுத்தம் செய்வார்கள் என்று படித்திருப்பீர்கள். அது ஒட்டாத, தனி வைரத்துக்கு, பெர்குளோரிக் அமிலத்துக்கென்றே அமைத்த புகைக்கூண்டில், பயிற்சி பெற்றவர் செய்வது. ஃபோர்க்கில் ஒட்டிய முனையைப் போட்டால் பசை கரையும், ஃபோர்க் போகும். வேண்டாம்.

அறிகுறி 8: படம் தெளிவு, ஆனால் உண்மையா என்று சந்தேகம்

*கருவளையங்கள் மேற்பரப்பு மேடுகளோடு ஒத்துப்போகின்றன.* ஒளி எண்ணிக்கை மட்டும் எடுத்த படமா? அப்படியானால் மேட்டுக்கு மேடு உயரமும் பிரதிபலிப்பும் மாறி ஒளி ஆடியிருக்கலாம். முழுப் பள்ள அலசலோடு அதே இடத்தை எடுங்கள். அதிர்வெண் மாறாமல் ஒளி மட்டும் மாறினால் அது காந்தம் அல்ல.

*டொமைனின் நடுவில் திடீரென்று நிறம் புரள்கிறது.* சாம்பிளின் புலம் வெளிப்புலத்தை மீறி, இரண்டு பள்ளங்களும் குறுக்கே கடந்துவிட்டன. மென்பொருள் அளவை மட்டும் படிக்கிறது, குறியை அல்ல. வெளிப்புலத்தை 2-லிருந்து 5 மில்லி டெஸ்லாவாக்கி மறுபடி எடுங்கள். புரண்ட கோடு மறைந்தால் அதுதான் காரணம். ஆனால் மென்காந்தச் சாம்பிளில் 5 மில்லி டெஸ்லாவே டொமைனை மாற்றிவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

*சுவருக்கு அருகில் வரிவரியாகக் குப்பை.* பள்ளத்தைப் பின்தொடரும் முறை பிடியை விட்டிருக்கிறது. நானோமீட்டருக்கு 0.08 மில்லி டெஸ்லா மாறும் இடத்தில் 10 நானோமீட்டர் படி எடுத்தால், ஒரே படியில் 22 மெகா ஹெர்ட்ஸ் தாண்டும். பள்ளத்தின் அகலமோ 8. படியை 2 நானோமீட்டராக்குங்கள், அல்லது அந்தப் பகுதிக்கு மட்டும் முழு அலசல் போடுங்கள்.

*போகும்போது ஒரு படம், வரும்போது ஒரு படம்.* வைரம் காந்தம் அல்ல, முனை சாம்பிளை இழுப்பதில்லை. காந்தவிசை நுண்ணோக்கியை விட்டு இதற்கு வருவதற்கே அதுதான் பெரிய காரணம். ஆனால் லேசர் சூடாக்கும். மெல்லிய படலத்தில் குவிந்த லேசரால் டொமைன் சுவர் ஒரு பிடிப்பிடத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவது 2014-லேயே காட்டப்பட்டது. லேசரை நான்கில் ஒரு பங்காக்கி மறுபடி ஓட்டுங்கள். தாவல் குறைந்தால் காரணம் சூடு. குறையாவிட்டால் மைக்ரோவேவைக் குறையுங்கள். அதற்கும் அசையாவிட்டால் நகர்வு கருவியினுடையது: 100 க்கு 100 புள்ளி, புள்ளிக்கு 2 நொடி என்றால் ஐந்தரை மணி நேரம். அந்த நேரத்தில் மேடை எவ்வளவு நகர்ந்தது என்பதை, உடன் எடுத்த மேற்பரப்புப் படத்தில் ஒரு தூசியை அடையாளம் வைத்து அளந்துவிடலாம்.

கடைசிச் சந்தேகத்துக்கு ஒரு சோதனை: சாம்பிளை 90 டிகிரி திருப்பி அதே இடத்தை மறுபடி எடுங்கள். சாம்பிளோடு சேர்ந்து திரும்பும் வடிவம் சாம்பிளுடையது. ஸ்கேனோடு சேர்ந்து அப்படியே நிற்கும் வடிவம் கருவியுடையது.

முனையைத் திருப்பி அனுப்பும்போது

தயாரித்தவருக்கு "வேலை செய்யவில்லை" என்று எழுதினால் பதில் வர வாரங்கள் ஆகும். நான்கு கோப்புகளைச் சேர்த்து அனுப்புங்கள்: தூக்கிய நிலையில் எடுத்த பள்ள வளைகோடு (காந்தம் இல்லாமலும் காந்தத்தோடும்), தூணின் குவிய வரைபடம் (லேசர் திறன் குறித்து), ஊசித் தட்டில் எடுத்த கடைசிப் படம், ஃபோர்க்கின் அதிர்வு வளைகோடு. முனையைத் தொட்ட கடைசி மூன்று சாம்பிள்கள் என்னென்ன, எதனால் மூடியவை என்பதையும் எழுதுங்கள். ரெசிஸ்ட் பட்டதா என்பதுதான் அவர்கள் கேட்கும் முதல் கேள்வியாக இருக்கும்.